குறியீட்டு ஏட்டை முதலில் திறங்கள்

சமூகக் கருத்தாய்வுத் தரவைக் கொடுத்து நான்கு வாரத்தில் அறிக்கை கேட்கும் போட்டிகளில் பல அணிகள் முதல் நாளிலேயே தோற்றுவிடுகின்றன. கோப்பு வந்த அன்று மாலையே ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினிக் கணிப்பு மாடல் ஒன்று ஓடிவிடும். மறுநாள் பத்து வண்ண வரைபடங்கள் தயார். கடைசிச் சுற்றில் நடுவர், "எடை போட்டுத்தான் இந்த விழுக்காட்டைச் சொல்கிறீர்களா?" என்று கேட்கும்போது மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

விற்பனைத் தரவிலும் இணையக் கிளிக் தரவிலும் பழகிய கை இங்கே தடுமாறும். அங்கே ஒரு வரி என்றால் நடந்து முடிந்த ஒரு நிகழ்வு. கருத்தாய்வில் ஒரு வரி என்றால் ஒரு மனிதர்; இன்ன மொழியில், இன்ன வரிசையில் கேட்ட கேள்விக்கு வீட்டு வாசலில் நின்ற ஒருவரிடம் அவர் சொன்ன பதில். அவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எதற்குப் பதில் சொல்ல மறுத்தார், அவரைப் போன்றவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் எண்களைப் பார்த்தால் தெரியாது. தரவோடு வரும் குறியீட்டு ஏட்டில் இருக்கும்; ஒவ்வொரு கேள்விக்கும் எந்த எண் எந்தப் பதிலைக் குறிக்கிறது என்று சொல்வதும் அந்த ஏடுதான். நூற்றுக்கணக்கான பக்கம், படிக்க யாருக்கும் பிடிக்காது. தொடக்கக்கல்லூரி மாணவர்கள்கூடப் பல்கலைக்கழக அணியை முந்தக்கூடிய இடம் அதுதான்.

பழகிப் பார்க்க நல்ல தரவு வேண்டுமென்றால் உலக விழுமியக் கருத்தாய்விலிருந்து தொடங்கலாம். சிங்கப்பூர் அதில் 2002, 2012 ஆண்டுகளிலும், பிறகு ஏழாம் சுற்றிலும் இடம்பெற்றது. ஏழாம் சுற்றை இங்கே நடத்தியது கொள்கை ஆய்வுக் கழகம். 2019 இறுதியில் தொடங்கி 2020 தொடக்கத்தில் முடிந்த களப்பணியில் 2,012 பேர் பதில் சொன்னார்கள். பெயர், நோக்கம் ஆகியவற்றைப் பதிந்தால் வணிகமல்லாத பயன்பாட்டுக்குக் கோப்பு இலவசம். அதை வேறு எங்கும் ஏற்றி மறுவிநியோகம் செய்யக்கூடாது. அமெரிக்காவின் பொதுச் சமூகக் கருத்தாய்வும் திறந்தே கிடக்கிறது. 1972 முதல் ஓடுகிறது. ஜப்பான் 2000இலும் கொரியா 2003இலும் தொடங்கிய கருத்தாய்வுகள் அதன் சாயலில் வந்தவை.

கோப்பைத் திறக்கும்போது

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் வடிவமும், எண்களை வெறும் வரிகளாகத் தரும் சிஎஸ்வி வடிவமும் இரண்டும் கிடைத்தால் எஸ்பிஎஸ்எஸ்ஸை எடுங்கள். சிஎஸ்வியில் விடைகளின் பெயர்கள் போய் வெறும் எண்கள் மட்டும் மிஞ்சும். ஆர் நிரல்மொழியில் ஹேவன், பைத்தானில் பைரீட்ஸ்டாட் என்ற தொகுப்புகள் இதைப் படிக்கும். ஒரு பொறி உண்டு: "விடுபட்டது" என்று கோப்பில் குறித்துவைத்த எண்களை இவ்விரண்டும் கேட்காமலே வெற்றிடமாக்கிவிடும். அதனால் "தெரியாது" என்றவரும் "சொல்ல மாட்டேன்" என்றவரும் ஒன்றாகிவிடுவார்கள். அந்தக் குறிகளை அப்படியே வைத்திருக்கச் சொல்லும் விருப்பத்தேர்வு இரண்டிலும் இருக்கிறது. முதல் முறை படிக்கும்போது அதைப் போட்டே படியுங்கள்.

உலக விழுமியக் கருத்தாய்வில் -1 என்றால் தெரியாது, -2 என்றால் பதிலில்லை, -4 என்றால் அந்த நாட்டில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. சிஎஸ்வியில் இவை சாதாரண எண்களைப் போலவே உட்கார்ந்திருக்கும். வாழ்க்கைத் திருப்தியை 1 முதல் 10 வரை கேட்கும் 49ஆம் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேரில் 95 பேரின் சராசரி 7, மீதி ஐந்து பேர் -1 என்று வைத்துக்கொண்டால் கணினி 6.6 என்று காட்டும். 0.4 புள்ளி காணாமல் போய்விட்டது. "தெரியாது" என்ற பதில் முதியவர்களிடம் அதிகம் விழுந்திருந்தால், முதியவர்கள் இளையோரைவிட வாழ்க்கையில் திருப்தி குறைந்தவர்கள் என்ற "கண்டுபிடிப்பும்" கூடவே பிறந்துவிடும். பழைய கருத்தாய்வுக் கோப்புகளில் 8, 9, 98, 99 என்றெல்லாம் குறிப்பார்கள். வயது மாறியில் 99 வந்தால் அது நூறைத் தொடப்போகும் பாட்டியா, பதில் சொல்லாதவரா என்பதற்கு ஏடுதான் சாட்சி.

எனவே சுத்தம் செய்வதற்கு முன்பே, பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு மாறிக்கும் மூலக் கோப்பிலிருந்து எண்ணிக்கை அட்டவணை எடுத்து ஏட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒன்றுகூட மாறக்கூடாது. மாறினால் நீங்கள் வைத்திருப்பது வேறு பதிப்பு, அல்லது வடிகட்டியில் பிழை.

அளவுகோலின் திசை அடுத்தது. 46ஆம் கேள்வியில் 1 என்றால் மிக மகிழ்ச்சி, 4 என்றால் மகிழ்ச்சியே இல்லை. 49இலோ 10தான் மிகத் திருப்தி. இரண்டையும் அப்படியே சேர்த்து "நல்வாழ்வுக் குறியீடு" செய்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 57ஆம் கேள்வியில் பெரும்பாலோரை நம்பலாம் என்பது 1, மிகக் கவனமாக இருக்க வேண்டும் என்பது 2. இதற்குச் சராசரி எடுத்து "நம்பிக்கை உயர்ந்திருக்கிறது" என்று எழுதினால் உண்மை நேர் எதிரானது. திருப்பி எழுதிய ஒவ்வொரு மாறிக்கும் புதுப் பெயர் வையுங்கள். பழைய பெயரிலேயே மேலெழுதினால், நிரலை இரண்டு முறை ஓட்டும்போது திசை மறுபடி புரண்டுவிடும்.

நம்பிக்கை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கருத்தாய்வுகள் பல மொழிகளில் நடக்கும். ஒருவர் சொல்லை இன்னொருவர் நம்புவது, கடவுள் மேல் வைக்கும் பற்று, நாளை விடியும் என்ற எதிர்பார்ப்பு, தன்மேல் இருக்கும் துணிவு ஆகிய எல்லாவற்றுக்கும் தமிழில் நாம் நம்பிக்கை என்றே சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. எனவே நேர்காணல் மொழி என்ற மாறி கோப்பில் இருந்தால் அதை ஒதுக்காதீர்கள். வினாத்தாளின் தமிழ் வடிவம் கிடைத்தால் ஆங்கிலத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அணியில் தமிழ் படித்த ஒருவர் இருப்பது இங்கே உண்மையான பலம். மற்ற அணிகள் புள்ளியியல் விளக்கம் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில் நீங்கள் சொல்லை எடுத்துக் காட்டலாம்.

எடை

சிறுபான்மை இனங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்காகவே சில கருத்தாய்வுகளில் மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகச் சேர்ப்பார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் எடை போடாமல், அதாவது ஒவ்வொருவரின் பதிலையும் அவர் இனத்தின் உண்மையான பங்குக்கேற்பக் கூட்டிக் குறைக்காமல், மொத்த விழுக்காடு சொன்னால் நாடே மாறிப்போகும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதிரியில் 1,000 சீனர், 500 மலாய்க்காரர், 500 இந்தியர் என்று கொள்வோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0 விழுக்காடு. மற்றவர்களை விட்டுவிட்டு இந்த மூன்றை மட்டும் நூறாக்கினால் ஏறக்குறைய 76.8, 13.9, 9.3. ஆகவே ஒவ்வொரு சீனரின் எடை 1.54, மலாய்க்காரருக்கு 0.56, இந்தியருக்கு 0.37. இப்போது ஒரு கூற்றைச் சீனரில் 40, மலாய்க்காரரில் 60, இந்தியரில் 70 விழுக்காட்டினர் ஏற்கிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். எடையில்லாமல் மொத்தம் 52.5 விழுக்காடு. எடையோடு 45.6. "பாதிக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்கள்" என்று தலைப்புப் போட்ட அறிக்கை அந்த இடத்திலேயே செத்தது.

எடைக்கு விலையும் உண்டு. எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, எடைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது பயனுள்ள மாதிரி அளவு. மேலே உள்ள மாதிரியில் 2,000 பேர் இருந்தும் அது ஏறக்குறைய 1,550தான். பிழை வரம்பை 2,000 என்று வைத்துக் கணக்கிட்டால் உங்கள் முடிவு உண்மையில் இருப்பதைவிடத் துல்லியமாகத் தெரியும்.

மூன்று இடங்களில் பலரும் வழுக்குகிறார்கள். முதலாவது, எடையால் பெருக்கிய எண்ணிக்கைகளைச் சாதாரணக் கை-வர்க்கச் சோதனைக்குள், அதாவது இரண்டு மாறிகளுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனைக்குள், போடுவது. எடைகளைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகை வருமாறு கோப்பு அமைந்திருந்தால், கணினி நாற்பது லட்சம் பேரைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் "மிக முக்கியம்" என்று சொல்லும். இதற்கென்றே ராவ்–ஸ்காட் திருத்தம் இருக்கிறது. ஆர் மொழியின் சர்வே தொகுப்பில் தயாராகக் கிடைக்கும். இந்த ராவ், கனடாவில் பணியாற்றிய ஜே.என்.கே. ராவ். புகழ்பெற்ற இன்னொரு புள்ளியியலாளரான சி.ஆர். ராவ் என்று எழுதி நடுவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, கோப்பில் பல எடைகள் இருப்பது. பல நாடுகளை ஒப்பிட ஒன்று, ஒரே நாட்டுக்குள் பயன்படுத்த ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று, தனிமனிதருக்கு ஒன்று. பெயரில் எடை என்று இருப்பதாலேயே எடுத்துவிடக்கூடாது. மூன்றாவது, அடுக்கு (மாதிரி எடுக்கும் முன் மக்களைப் பிரித்த பிரிவு), கொத்து (சேர்த்துத் தேர்ந்த பக்கத்துப் பக்கத்து வீடுகள்) மாறிகளை மறப்பது. ஒரே புளோக்கில் பத்து வீடுகளைக் கேட்டால் அவர்கள் ஓரளவு ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள். பத்துத் தனித்தனி மனிதருக்குரிய தகவல் அதில் கிடையாது. கொத்தைக் குறித்துவிட்டால் பிழை வரம்பு தானே விரியும். ஓர் அடுக்கில் ஒரே ஒரு கொத்து மட்டும் இருந்தால் சர்வே தொகுப்பு பிழைச் செய்தி கொடுத்து நிற்கும். பயந்து அந்த மாறியையே நீக்காதீர்கள். தனிக் கொத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. எதைத் தேர்ந்தீர்கள் என்பதை அடிக்குறிப்பில் ஒரு வரியில் எழுதினால் போதும்.

நம் ஆட்கள் எத்தனை பேர்?

தமிழ் மாணவர்கள் இருக்கும் அணிக்கு இயல்பாகவே தோன்றும் கேள்வி: இந்தியர்கள் என்ன நினைக்கிறார்கள், தமிழ் பேசும் வீடுகள் எப்படி? ஆசை நியாயமானது. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

கூடுதல் சேர்க்கை இல்லாத 2,000 பேர் மாதிரியில் இந்தியர்கள் சுமார் 180 பேர் இருப்பார்கள். மொத்த மாதிரிக்கு அதிகபட்சப் பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 2.2 புள்ளி, 180 பேருக்கு அது 7.3. எடையும் கொத்தும் சேர்ந்தால் இன்னும் கூடும். சீனருக்கும் இந்தியருக்கும் 6 புள்ளி வித்தியாசம் என்று வரைபடம் போட்டால் அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2020 கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. 2,000 பேரில் ஏறக்குறைய 50. பிழை வரம்பு 14 புள்ளி. அந்த ஐம்பதை ஆண், பெண் என்றும் வயது மூன்று பிரிவு என்றும் உடைத்தால் அட்டவணையின் ஒரு கட்டத்தில் எட்டுப் பேர்தான் நிற்பார்கள். எட்டுப் பேருக்கு விழுக்காடு போடுவது காப்பிக்கடையில் இரண்டு மேசையைக் கேட்டுவிட்டு நாட்டு நிலவரம் சொல்வது மாதிரி.

என்ன செய்யலாம்? 30க்குக் குறைவான கட்டங்களை மறையுங்கள். 2012, 2020 சுற்றுகளைச் சேர்த்தால் இந்தியர் சுமார் 360 பேராகி வரம்பு 5.2க்கு இறங்கும், பதிலாக இந்தியர்களிடையே ஏற்பட்ட மாற்றத்தைப் பேசும் உரிமையை இழப்பீர்கள். கூடுதல் சேர்க்கை உள்ள கருத்தாய்வைத் தேடுவது இன்னும் நல்லது.

"இந்தியர்" என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள். இங்குள்ள அதிகாரபூர்வ வகைப்பாட்டில் இந்திய, பாகிஸ்தானிய, பங்ளாதே‌ஷ், இலங்கை வம்சாவளியினர் அனைவரும் அதில் அடங்குவர். தமிழரும் மலையாளியும் பஞ்சாபியும் சிங்களவரும் ஒரே குறியீட்டுக்குள். தமிழர் என்று எழுத வேண்டுமென்றால் மொழி மாறி வேண்டும், ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழர் அதில் காணாமல் போவார். இரண்டுமே முழுமையல்ல, எதைப் பயன்படுத்தினீர்களோ அந்தச் சொல்லையே அறிக்கை முழுக்க வைத்திருங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 2020இல் மொத்த மக்கள்தொகை 5.69 மில்லியன், அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 4.04 மில்லியன். குடியிருப்பாளர்களை மட்டும் கேட்கும் கருத்தாய்வில், வேலை அனுமதிச்சீட்டில் வந்து ஊழியர் தங்குவிடுதியில் இருக்கும் தமிழ் இளைஞர் வரவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் போனால் தெருவை நிறைத்து நிற்பவர்களில் பெரும்பங்கு உங்கள் தரவில் பூச்சியம். அதை வைத்து "சிங்கப்பூர்த் தமிழர்" என்று முடிவு சொன்னால் நடுவர் விடமாட்டார், விடவும் கூடாது.

ஒப்பீடு

இனங்களுக்கிடையே வித்தியாசம் வந்தால் உடனே பண்பாட்டைக் கூப்பிடாதீர்கள். சீனக் குடியிருப்பாளர்கள் சராசரியில் மற்ற இரு இனத்தவரைவிட வயது கூடியவர்கள். வயதோடு மாறும் எந்தக் கருத்தும் இன வித்தியாசம் போல வேடம் போடும். மூன்று இனத்துக்கும் ஒரே வயது அமைப்பு இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று நேர்ப்படுத்திக் காட்டும் ஓர் அட்டவணை, ஐந்து மாடல்களைவிட நடுவரை அதிகம் திருப்திப்படுத்தும்.

வருமானக் கேள்விக்குப் பலர் பதில் சொல்வதில்லை. வீட்டு வகை நல்ல மாற்று: ஈரறை, மூவறை, நாலறை, ஐந்தறை வீவக வீடு, கூட்டுரிமை வீடு, தரைவீடு. ஆனால் அது குடும்பத்தின் அடையாளம். அப்பா வாங்கிய ஐந்தறை வீட்டில் இருக்கும் 22 வயது மாணவரை உயர் வருமானப் பிரிவில் போடுவது அபத்தம். 30 வயதுக்குக் கீழே தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

மாடலில் மாறிகளைச் சேர்க்கச் சேர்க்க ஆட்கள் குறைவதையும் எண்ணுங்கள். ஐந்து மாறிகள், ஒவ்வொன்றிலும் 6 விழுக்காடு விடுபட்டிருக்கிறது, யார் விடுபட்டார் என்பதில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால், 2,000 பேர் 1,468 ஆகிவிடுவார்கள். ஒரே மாறி உள்ள முதல் மாடலில் 1,880 பேர், கடைசி மாடலில் 1,468 பேர் என்றால், கெழு (ஒரு மாறியின் விளைவைக் காட்டும் எண்) மாறியதற்குப் புது மாறி காரணமா, ஆட்கள் காணாமல் போனது காரணமா? எல்லா மாடல்களையும் அதே 1,468 பேர் மேல் ஓட்டினால் தெரிந்துவிடும்.

ஆம்–இல்லை விடைகளுக்கான லாஜிஸ்டிக் மாடலின் ஒட்ஸ் விகிதம் (ஏற்போர், ஏற்காதோர் விகிதம் எத்தனை மடங்காகிறது என்பது) 1.5 என்றால் "ஒன்றரை மடங்கு பேர்" என்று எழுதிவிடுகிறார்கள். 40 விழுக்காட்டிலிருந்து அது கொண்டுபோகும் இடம் 50, 60 அல்ல. விழுக்காட்டுப் புள்ளியாக மாற்றி எழுதுங்கள். படிப்பவருக்கும் நல்லது, நீங்களும் தவறமாட்டீர்கள். நான்கு படி, ஐந்து படி விடைகளுக்கு, வரிசைப்படி அமைந்த விடைகளுக்கென்றே உள்ள ஆர்டினல் லாஜிட் மாடல் போதும். நியூரல் நெட்வொர்க்குக்கு இங்கே வேலையே இல்லை.

இருபது கேள்விகளைச் சோதித்துப் பார்த்து எதன் பி-மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே விழுகிறதோ அதைத் தலைப்பாக்கும் பழக்கமும் உண்டு. எதிலுமே உண்மையான தொடர்பு இல்லாவிட்டாலும், சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், இருபதில் குறைந்தது ஒன்று அப்படி விழ 64 விழுக்காடு வாய்ப்பு. முதல் வார முடிவிலேயே கேள்வியை எழுதித் தேதி போட்டு வையுங்கள். பிறகு கண்ணில் பட்டதைச் சேர்க்கலாம், "பின்னர் கவனித்தது" என்ற பெயரோடு.

காலப்போக்கு வரைபடத்தில் கேள்வியின் வாசகமும் கேட்ட முறையும் மாறாமல் இருந்தனவா என்று பாருங்கள். நேரில் கேட்டே பழகிய அமெரிக்கப் பொதுச் சமூகக் கருத்தாய்வு, கொவிட் காரணமாக 2021இல் பெரும்பாலும் இணையத்துக்கு மாறியது. அந்த ஆண்டில் தெரியும் துள்ளலில் எவ்வளவு மக்கள் மனம், எவ்வளவு கேட்ட முறை என்று பிரிப்பது கடினம். சங்கடமான கேள்விகளுக்கு மனிதர் முன்னால் ஒரு பதில், திரை முன்னால் வேறு பதில்.

வேலைப் பங்கீடும் கோப்புப் பாதுகாப்பும்

மூன்று பேர் அணி வசதி. ஒருவர் ஏடும் சுத்தமும், ஒருவர் கணிப்பு, ஒருவர் எழுத்து. ஆனால் முக்கியமான மூன்று, நான்கு எண்களை இருவர் தனித்தனியாக, முடிந்தால் வெவ்வேறு மென்பொருளில் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். மூலக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். மூலத்திலிருந்து கடைசி வரைபடம்வரை ஒரே நிரல் வரிசையில் வர வேண்டும். எக்செல்லில் கையால் திருத்திய ஒரு கட்டம் போதும், பிறகு எந்த எண்ணும் இரண்டாம் முறை வராது. எழுத்துக்குக் குறைந்தது ஐந்து நாள் ஒதுக்குங்கள். கணிப்பு எப்போதும் எழுத்தின் நாட்களைத் திருடும்.

தனிமனிதத் தரவை கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்றுவது, உரையாடல் ஏஐ கருவிக்குள் அப்படியே ஒட்டுவது இரண்டுமே ஒப்பந்தத்தை மீறியதாகலாம். ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படிக்காமல் செய்யாதீர்கள். ஏஐயிடம் நிரல் கேட்க வேண்டுமென்றால் போலியாக உருவாக்கிய பத்து வரிகள் போதும். பெயர் நீக்கிய கோப்புதானே என்ற தைரியம் சின்ன நாட்டில் செல்லாது. இந்தியர், 80 வயதுக்கு மேல், தரைவீடு, இன்ன வட்டாரம் என்று நான்கு மாறிகளைக் குறுக்கே வைத்தால் ஒரே ஒரு பாட்டிதான் மிஞ்சுவார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கட்டம் அட்டவணையில் மட்டுமல்ல, சிதறல் வரைபடத்தில் தனியாக நிற்கும் புள்ளியிலும் வரும்.

மேடைக்குப் போகும்போது ஒவ்வொரு வரைபடத்துக்கும் கீழே நான்கு விவரம் இருக்கட்டும்: கேள்வியின் முழு வாசகம், எத்தனை பேர், எந்த எடை, விடுபட்டவர்களை என்ன செய்தீர்கள். வினாத்தாளின் ஆங்கிலப் பக்கத்தையும் தமிழ்ப் பக்கத்தையும் அச்சிட்டு மேசையில் வையுங்கள். "இந்தக் கேள்வியை அவர்களிடம் எப்படிக் கேட்டார்கள்?" என்று நடுவர் கேட்டால், திரையைப் புரட்டித் தேடாமல் தாளை எடுத்து வாசித்துவிடலாம்.